கொம்பையாவுக்குச் சொந்தமான ஒரே வாக்கியம்

காய்ஞ்சான்குளத்துல மழை நின்னு மூணு வருசம் முடிஞ்ச ஒரு செவ்வாக்கெழமை காலைல, யாரு எதப் பேசுனாலும் அந்தப் பேச்சு எங்கேருந்து எடுத்ததுன்னு அவங்க நிக்குத மண்ணுல எழுத்தா வர ஆரம்பிச்சுது. ஊரு தேரிக்காட்டு ஓரம். செம்மண்ணு காத்தோட பறந்து வந்து வீட்டுக்குள்ள, கடைக்குள்ள, சோத்துச் சட்டிக்குள்ள, தூங்குதவன் காதுக்குள்ள ஒரு விரக்கடைக்குப் படிஞ்சு கெடக்கும், பெருக்கித் தள்ளுனா பத்து நிமிசத்துல திரும்பி வந்து உக்காந்துக்கிடும், விருந்தாளி மாதிரி. அந்த மண்ணுலதான் எறும்பு வரிசை கட்டுத கணக்கா பொடிப்பொடியா எழுத்து.

மொதல்ல வந்தது ஞானதிரவியம் சாரு காலடியில. கருப்பட்டி குடோன்ல டுடோரியல் நடத்துதவரு அவரு. தபால் வழியா பி.ஏ. இங்கிலீசு படிக்கிற பிள்ளைங்களுக்கு நோட்ஸ் சொல்லுவாரு, சொல்லச் சொல்ல பிள்ளைங்க எழுதும், அவரு 'கமா'ன்னு சொன்னா 'கமா'ன்னே எழுதும்.

"பதினஞ்சு மார்க்குக் கேள்வி, எழுதிக்கிடுங்க. நவீன ஆங்கிலக் கவிதை, கமா, கருப்பொருளும் மேற்கோளும், ஃபுல்ஸ்டாப். இந்தக் கவிஞர்மாரு பெரிய சண்டை முடிஞ்ச சீமையில உக்காந்து எழுதுனவங்க. பூமி வறண்டு போச்சு. தண்ணி இல்ல. ராசாவுக்கு மேலுக்குச் சொகமில்ல, ராசா படுத்தா நெலமும் படுத்துரும், எவனாச்சும் உசுரக் குடுத்தாத்தான் மழைன்னு எழுதுவாங்க. இதெல்லாம் அவங்க சொந்தச் சரக்கா? கெடையாது. செத்தவன் சொன்னது, சாமி சொன்னது, தெருவுல குடிகாரன் பாடுனது, எல்லாத்தையும் கிழிச்சுக் கிழிச்சு ஒட்டிருவாங்க. ஒட்டிட்டு, இது இன்னாருகிட்ட எடுத்ததுன்னு கீழ ஒரு குறிப்பும் போட்டுருவாங்க. கவிதைங்கது என்ன? உள்ளத்தின் கண்ணாடி."

சொல்லி வாய மூடல, காலடியில எழுத்து வந்துது. 'இது முப்பது வருசம் முந்தி வந்த கைடு, நாப்பத்து மூணாம் பக்கம், மேலேருந்து ஆறாவது வரி.' சாரு குனிஞ்சு பாத்தாரு, செருப்பால அழிச்சாரு, பாடத்த நடத்துனாரு. பிள்ளைங்க அதையும் நோட்ல எழுதிக்கிட்டுது.

மத்தியானத்துக்குள்ள ஊரு பூரா எழுத்து. சாயங்காலத்துக்குள்ள ஊரு அதுக்குப் பழகியும் போச்சு, ஏன்னா பழகாம வேற என்ன செய்ய? கட்சிக்காரரு ஒருத்தரு வந்து மேடையில ஏறி 'உங்க வீட்டுப் பிள்ளை நான்'னு சொன்னாரு, அவரு கால்ல வந்த எழுத்து மேடையத் தாண்டி, படியில எறங்கி, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போச்சு, அத்தன பேரு அதுக்கு முன்னால சொல்லியிருக்காங்க. பொண்டாட்டிகிட்ட 'உன்ன விட்டா எனக்கு யாருட்டி'ன்னு கொஞ்சுன ஒருத்தன் காலடியில 'இதே ஆளு, போன கார்த்திகையில, வேற ஒருத்திகிட்ட'ன்னு வந்துது, அவன் ஒரு வாரம் கடைத் திண்டுல படுத்தான். கல்யாணத் தரகருங்க கையில வெளக்கமாறோட வந்தாங்க, ஒரு பேச்சு, ஒரு பெருக்கு. சர்ச்சு சாமியாரு ஜெபத்துக்கு மட்டும் 'இது எல்லாருக்கும் பொது'ன்னு வந்துது, அவரு தப்பிச்சாரு.

அதுல ஒரே ஒருத்தி காலடி மட்டும் சுத்தமாக் கெடந்துது. கருவாடு விக்கிற தங்கபுஷ்பம். அவ வையிற வசவுக்கு ஒரு குறிப்பும் வரல, அம்புட்டும் அவ சொந்தமா செஞ்சது. நேத்து வரைக்கும் அவளக் கண்டா ஓடுன சனம் இப்போ வரிசையில நின்னு வசவு வாங்கிட்டுப் போச்சு.

இதுல ரொம்பச் சிரிச்சவன் கொம்பையாதான். டுடோரியலுக்குப் பக்கத்துல, பலகைத் தட்டிக்கு இந்தப் பக்கம் அவன் ஜெராக்ஸ் கடை. கோயில் கொடை விழான்னா மேடையேறி மிமிக்ரி. சாரு குரலு, சாமியாரு குரலு, பஸ்சு பிரேக் போடுத சத்தம், மைக்கு கத்துத சத்தம், எல்லாம் அந்தத் தொண்டைக்குள்ள இருந்துது, அவன் குரலு ஒண்ணத் தவிர. தாலி கட்டும்போதே நாதஸ்வரத்த வாயால வாசிச்சவன். அவன் பொண்டாட்டி முத்துக்கனி குழாயடியில சொல்லுவா: "பதினாலு வருசத்துல நான் இந்த ஊர்ல உள்ள எல்லா ஆம்பளைகூடவும் குடும்பம் நடத்திட்டேன் மைனி, எங்க வீட்டுக்காரரத் தவிர."

ஆகையால அவன் 'ஒரு டீ'ன்னு கேட்டாக்கூட காலடியில 'இது அவன் மாமன் குரலு'ன்னு வரும். வரட்டுமேன்னு சிரிச்சான். ஊருக்கே இப்போ தெரிஞ்சுது எல்லாவனும் மிமிக்ரிதான்னு, நான் மட்டுந்தான் காசு வாங்கிட்டுச் செஞ்சேன்னு சொல்லிச் சிரிச்சான்.

அந்தச் சிரிப்பு வெள்ளிக்கெழம காலைல பத்தே காலுக்கு நின்னுது.

தட்டிக்கு அந்தப் பக்கம் சாரு மொழிபெயர்ப்புப் பாடம் நடத்திட்டு இருந்தாரு. உதாரணத்துக்கு ஒரு வாக்கியம் வேணும். மோட்டு வளையப் பாத்தாரு, மீசையத் தடவுனாரு, வாயில வந்தத சொன்னாரு.

"கிணத்துல தண்ணி வந்துட்டு, நீ தூங்கு கனி. இத இங்கிலீசுல மாத்துங்க."

மண்ணுல எழுத்து வந்துது. முன் பெஞ்சுப் பிள்ளை ஒண்ணு நல்லா சத்தமா வாசிச்சுது. 'ஜெராக்ஸ் கடை கொம்பையா. அவன் சொந்தமாப் பேசுன ஒரே வாக்கியம். கடைசியாப் பேசுனதும் அதுதான்.'

கொம்பையா அப்போ யாரோட ரேசன் கார்டையோ மெசின்ல வச்சு மூடிய அமுக்கிட்டு இருந்தான். பச்சை வெளிச்சம் இந்தப் பக்கம் போச்சு, அந்தப் பக்கம் வந்துது, மறுபடி போச்சு, மறுபடி வந்துது, கைய எடுக்க முடியல. நாப்பது காப்பி எடுத்துருச்சு. மொதல்ல அவனுக்கு வந்தது பெருமைதான், அத மறைச்சுப் பிரயோசனமில்ல. எனக்குன்னும் ஒரு வாக்கியம் இருக்கா! ரெண்டாவதுதான் ஒறைச்சுது: இந்த வாக்கியத்த அவன் இன்னும் சொல்லவே இல்ல, அப்போ இனிமேதான் சொல்லப் போறான், அதுவும் கடைசியா.

தட்டிய நகத்திட்டு சாருகிட்டப் போனான். பேச வாயத் தெறந்தா, எந்த வார்த்தை எங்க இழுத்துட்டுப் போயிருமோன்னு பல்லு கிட்டிச்சுது.

"சாரு, கடைசின்னா... செத்துருவனா?"

"வெளக்கமாப் போடல வே. பேச்சு அதோட முடியுதுன்னுதான் போட்டுருக்கு. செத்தும் போவலாம், வாயடைச்சும் போவலாம். ரெண்டுக்கும் சமமா மார்க்கு." சொல்லிட்டு சாருக்கே பாவமாப் போச்சு. "உமக்கு ரெண்டும் ஒண்ணுதான வே," அப்படின்னாரு மெதுவா.

ஆனா விசயம் அதோட நிக்கல. அர மணி நேரத்துல ஊரு கூடிருச்சு. ஒவ்வொருத்தரா வந்து மண்ணுல உள்ளத வாசிச்சாங்க, வாசிக்கத் தெரியாதவங்க வாசிக்கச் சொல்லிக் கேட்டாங்க, ச்சோ ச்சோன்னு நாக்க ஒட்டுனாங்க. அப்போ தங்கபுஷ்பம் கருவாட்டுக் கூடைய எறக்கி வச்சுட்டு கேட்டா.

"ஏலே, நான் ஒண்ணு கேக்கேன். இவன் கிணத்துல தண்ணி வந்துட்டுன்னு சொல்லுவான்னா, அப்போ காஞ்சு கெடக்குத நம்ம ஊர்க் கிணத்துல தண்ணி வரும்லா?"

அம்புட்டு பேரும் ஒரே சமயத்துல தலையத் திருப்பி கொம்பையாவப் பாத்தாங்க. அந்தப் பார்வைய அவன் எங்கயோ பாத்துருக்கான். சொடலமாடன் கோயில் கொடைக்கு எட்டு நாளு முந்தி, வேப்பமரத்துல கட்டிப் போட்ட கெடாவ ஊரு பாக்குமே, பாசமா, வேப்பங்கொழைய ஒடிச்சுப் போட்டுக்கிட்டு, அந்தப் பார்வை.

அன்னேலேருந்து ஊரு அவனுக்குக் காட்டுன பாசம் இருக்கே, அதப் போல ஒரு பயங்கரத்த அவன் கண்டதில்ல. காலையில ஒரு வீட்டு ஆப்பம், மத்தியானம் ஒரு வீட்டுக் கோழி. லாரித் தண்ணி ஒரு குடத்துக்கு அடிச்சுக்கிடுத சனம் அவன் வாசல்ல ரெண்டு குடம் நெறைச்சு வச்சுட்டுப் போகுது. "யாரும் உங்களக் கட்டாயப்படுத்தல அண்ணாச்சி," அப்படிம்பாங்க, "நீங்க நல்லாருக்கணும் அண்ணாச்சி," அப்படிம்பாங்க, சொல்லிட்டு அவன் வாயவே பாத்துட்டு நிப்பாங்க, முட்டையிடப் போற கோழியப் பாக்க மாதிரி. அவன் கொட்டாவி விடத் தெறந்தாக்கூட கூட்டம் ஒரு அடி முன்னால வரும்.

விழாக் கமிட்டி போட்டாங்க. ஊர்ல எதுக்கும் கமிட்டிதான். கிணத்தச் சுத்தி வெள்ளையடிச்சு, பந்தல் போட்டு, மைக் செட்டுக்குச் சொல்லி வச்சாங்க. கமிட்டித் தலைவரு கொம்பையா கடைக்கே வந்து, தலையச் சொறிஞ்சுக்கிட்டு ஒரு போட்டோவ நீட்டுனாரு. கொம்பையா போட்டோதான்.

"ஒரு ஃபிளெக்ஸ் டைப் பண்ணணும் அண்ணாச்சி. ஊரே சொன்னாலும் உங்க அளவுக்கு எவனும் நீட்டா அடிக்க மாட்டான். மேல 'கண்ணீர் அஞ்சலி', கீழ 'தண்ணீர் தந்த தங்கமே'. தேதிய மட்டும் காலியா விட்டுருங்க, நமக்கு அவசரமில்ல."

கொம்பையா டைப் அடிச்சான். 'அஞ்சலி'க்கு மூணு 'ஞ்' விழுந்துது, அத அழிச்சு அடிச்சான். அடிக்காம இருந்தா கோவமான்னு கேப்பாங்க, பதிலு சொல்லணும், பதிலுக்குள்ள எந்த வார்த்தை ஒளிஞ்சிருக்கோ.

பேச்சக் கொறைச்சான். கிணறு, தண்ணி, தூக்கம், கனி, இந்த நாலையும் நாக்குலேருந்து எறக்கி வச்சான். பொண்டாட்டிய 'ஏ இந்தா'ன்னு கூப்பிட்டான். தாகம்னா சொம்பக் காட்டுனான். ஒரு நாளு தந்திரம் ஒண்ணு தோணி, அந்த வாக்கியத்தையே சாரு குரல்ல சொல்லிப் பாத்தான், கடன் வாங்குன குரல்ல சொன்னா கணக்கு முடிஞ்சுருமோன்னு. சொல்லும்போது ஒடம்பு பூரா வேர்த்து வேட்டி ஒட்டிக்கிட்டுது. 'இது கொம்பையா வாக்கியம், கொம்பையாவே திருடியிருக்கான்'னு மண்ணுல வந்துது. அவ்வளவுதான். தண்ணியும் வரல, சாவும் வரல. ஊரும் சொல்லிப் பாத்துது. அறுநூறு பேரு கிணத்தச் சுத்தி நின்னு ஒரே குரல்ல, கிணத்துல தண்ணி வந்துட்டு நீ தூங்கு கனி, கிணத்துல தண்ணி வந்துட்டு நீ தூங்கு கனின்னு மந்திரமாச் சொல்லுச்சு. அறுநூறு பேரு காலடியிலயும் அவன் பேரு. கிணத்துக்குள்ளேருந்து ஒரு ஓணான் மட்டும் வெளிய வந்து எல்லாரையும் பாத்துட்டு உள்ள போச்சு.

சாரு இதையும் நோட்ஸ்ல சேத்துட்டாரு. "எழுதிக்கிடுங்க. வறண்ட பூமி, கமா, ஒரு பலி, கமா, மழை. நம்ம ஊர்லேயே உதாரணம் இருக்கு, அடைப்புக்குறிக்குள்ள கொம்பையா." தட்டிக்கு இந்தப் பக்கம் கொம்பையா காதுல அது விழுந்துது. இங்கிலீசுக்காரன் எதையோ எழுதிவச்சுட்டுப் போவான், அதுக்கு நான் அடைப்புக்குறிக்குள்ள போவணுமான்னு நெனச்சான். நெனச்சதுக்கு எழுத்து வராது, அது ஒரு ஆறுதல்.

ஊரு பூரா ஒரு பக்கம் நின்னா, முத்துக்கனி ஒருத்தி மறுபக்கம் நின்னா. அவ கண்டுபிடிச்ச வழி வேற யாருக்கும் தோணல.

"இங்கேருங்க. தூங்குன்னுதான சொல்லுவிய? தூங்காதவகிட்டத்தான் சொல்லுவாங்க, சரி. ஆனா தூங்கவே மாட்டேன்னு ஒருத்தி ஒக்காந்துருந்தா, அவகிட்ட என்னத்தச் சொல்ல முடியும்? நான் கண்ண மூடுனாத்தான இது நடக்கும். நான் மூட மாட்டேன். எவன் வந்து மூடுதான்னு பாக்கேன்."

மூடல. வாசப்படியில ஒலக்கையப் போட்டு அது மேல உக்காந்துட்டா. கண்ணு சொக்குனா மொளகாயக் கிள்ளி மூக்குல வச்சா. உக்காந்தா தூக்கம் வருதுன்னு நின்னா, நின்னா வருதுன்னு நடந்தா. ஆப்பம் கொண்டு வந்தவங்கள ஒலக்கையக் காட்டி அனுப்புனா. ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, எட்டு, பதினொரு நாளு.

பதினொண்ணாம் நாளு காலைல கொதிக்கிற உலையில கரண்டின்னு நெனச்சு கைய விட்டா. விட்டவ 'ஆ'ன்னு கூடச் சொல்லல. சுவத்தப் பாத்து, "வாங்கம்மா, ஒக்காருங்க"ன்னு செத்துப்போன தாயோட பேசுனா. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா வந்து கைக்கு மருந்து போட்டுட்டு, ரெண்டு ஊசியும் போட்டாங்க, பாத்துக்கிட்டே இருந்தாங்க, கண்ணு மூடல. வெளிய வந்து கொம்பையாகிட்ட தணிஞ்ச குரல்ல சொன்னாங்க.

"நெஞ்சு இப்பமே தாறுமாறா அடிக்கி. இன்னைக்கு உறங்கலன்னா நாளைக்கு இந்தப் பொம்பளை இல்ல. வேன் பிடிச்சு டவுனுக்குக் கொண்டு போவலாம்னா எந்திரிக்க மாட்டேங்காவ, ஒலக்கைய ஓங்குதாவ. நீங்களாச்சும் ஏதாச்சும் சொல்லுங்க."

ஏதாச்சும் சொல்லுங்க! கொம்பையாவுக்கு இத்தன நாளா பயந்ததெல்லாம் பயமே இல்லன்னு அப்போதான் தெரிஞ்சுது, அது சும்மா ஒத்திகை.

உள்ள போனான். கனி கட்டில்ல, கண்ண அகட்டி மோட்டப் பாத்துட்டுக் கெடந்தா. பக்கத்துல உக்காந்து, அவ அம்மா குரல்ல தாலாட்டு பாடுனான். மண்ணுல எழுத்து வந்துது. "இது எங்கம்மா," அப்படின்னா கனி, கண்ணு மூடல. அவ அப்பா குரல்ல, "தாயி, ஒறங்கு தாயி"ன்னான். "இது எங்கப்பா." சாமியாரு குரல்ல பைபிள் சங்கீதம் ஒண்ணு. "இது சாமியாரு. ஊரே வந்துருக்கு. நீங்க எங்க போனிய?"

கொம்பையா அவ தலையணைய நிமித்தி வச்சான்.

"கிணத்துல தண்ணி வந்துட்டா?" அப்படின்னு கேட்டா அவ. பெரிய கண்ணு, செவசெவன்னு, மண்ணு நெறம். "வந்துட்டா சொல்லுங்க. வந்துட்டுன்னா நீங்க சொல்லிட்டியன்னு அர்த்தம், முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம், பெறகு நான் எதுக்கு முழிச்சுக் கெடக்கணும். வந்துட்டா? வந்துட்டா? வந்துட்டா?"

கேட்டுக்கிட்டே இருந்தா. ஒவ்வொரு தடவையும் குரலு ஒரு படி எறங்கிச்சு, மூச்சு ஒரு படி ஏறிச்சு. கொம்பையா அவ கட்டுப்போட்ட கையப் பாத்தான். வாசல்ல பாத்தான், சனம் எட்டிப் பாத்துட்டு நிக்குது. ஓடிரலாமான்னு ஒரு நிமிசம் தோணுச்சு, அதையும் சொல்லித்தான் ஆவணும், பின்வாசல் வரைக்கும் கண்ணாலேயே போயிட்டு வந்தான். பெறகு வாயத் தெறந்தான். எந்தக் குரல எடுக்கன்னு தொண்டைக்குள்ள தேடுனான், ஒவ்வொண்ணாத் தள்ளித் தள்ளி, கடைசில அடியில ஒண்ணு கெடந்துது. சின்னது, கரகரன்னு, ஒரு நாளும் வெயிலு பாக்காத குரலு.

"கிணத்துல தண்ணி வந்துட்டு. நீ தூங்கு, கனி."

கனி அவனத் திரும்பிப் பாத்தா. புது ஆளப் பாக்க மாதிரி ஒரு பார்வை. "ஓ, இப்படித்தான் இருக்குமா," அப்படின்னா. கண்ண மூடுனா. மூணாவது மூச்சுலேயே கொறட்டை.

கொம்பையா குனிஞ்சு பாத்தான். காலடி மண்ணு வெறிச்சுன்னு கெடந்துது, ஒரு புள்ளி இல்ல.

கட்டில் கால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு சாவுக்குக் காத்திருந்தான். ஒரு மூச்சு விட்டான், அடுத்தது வருமான்னு பாத்தான், வந்துது. அதுக்கு அடுத்ததும் வந்துது. ஒரு ஈ வந்து மூக்குல உக்காந்துது, ஓட்டுனான், செத்தவன் ஈ ஓட்ட மாட்டான். 'கனி'ன்னு கூப்பிட்டுப் பாத்தான். உதடு அசைஞ்சுது, சத்தம் இல்ல. பஸ் பிரேக்கு வரல, மைக்கு கத்தல, மாமன் வரல. தொண்டைய யாரோ காலி பண்ணி சாவியக் கொண்டு போயிட்டாங்க.

அப்போதான் அவனுக்கு வேற ஒண்ணு ஒறைச்சுது, ஒறைச்ச ஒடனே முன்னால வந்த பயமெல்லாம் எந்திரிச்சு அதுக்கு எடம் விட்டுது. சொன்னது பொய். கிணறு காஞ்சுதான் கெடக்கு. வாழ்க்கையில சொந்தமாச் சொன்ன ஒத்த வாக்கியம், அதுவும் சாவப் போனவகிட்டச் சொன்னது, பொய். இவ எந்திரிப்பா. எந்திரிச்சு மொத வேலையா குடத்த எடுத்துட்டு நேரே கிணத்துக்குப் போவா. எட்டிப் பாப்பா. இனிமே இந்தக் கண்ணு எப்படி மூடும்? இல்ல கனி, உன்னத் தூங்க வைக்கச் சொன்னேன்னு வெளக்கம் சொல்ல வாயும் இல்ல.

மூலையில கெடந்த கடப்பாரைய எடுத்தான். கயித்தத் தோள்ல போட்டான். வாசல்ல நின்ன கூட்டம் வழி மறிச்சுது.

"சொல்லிட்டீரா அண்ணாச்சி? வாயத் தெறந்து ஒரு வார்த்தை சொல்லும்!"

அவன் ஆளுகளை வெலக்கிட்டு நடந்தான். அவன் பேசாம நடக்கதப் பாத்ததும் ஊருக்குப் புரிஞ்சு போச்சு. கொம்பையா பேசாம நடந்து எவன் பாத்தது? ஹோன்னு கத்திக்கிட்டு அவனுக்கு முன்னால ஓடுனாங்க, குடம் ஓடுச்சு, வாளி ஓடுச்சு, மைக் செட்டுக்காரன் ஓடுனான். பந்தல்ல ஏறி, வெள்ளையடிச்ச சுவத்தப் பிடிச்சு, அம்புட்டு தலையும் உள்ள எட்டிப் பாத்துது.

செம்மண்ணு. பாறை. ஓணான்.

"ஏமாத்திட்டானடே," அப்படின்னான் கமிட்டித் தலைவன். எல்லாரும் தங்கபுஷ்பத்தப் பாத்தாங்க, இந்த எடத்துல ஒரு வசவு வேணும், அவதான் போடணும். தங்கபுஷ்பம் இடுப்புல கைய வச்சு மூச்ச இழுத்தா. அப்போ கொம்பையா அவளத் தாண்டிப் போயி, தூண்ல கயித்தக் கட்டி, மூணு வருசமா எல்லாரும் எட்டிப் பாத்த கிணத்துக்குள்ள, மூணு வருசமா ஒருத்தனும் எறங்காத கிணத்துக்குள்ள, எறங்குனான். இழுத்த மூச்ச அவ அப்படியே விட்டா.

கீழேருந்து கடப்பாரை சத்தம் வந்துது. ணங். ணங். ரொம்ப நேரம் அது ஒண்ணுதான் ஊர்ல சத்தம். யாரும் யாரையும் பாக்கல. பெறகு ஞானதிரவியம் சாரு கண்ணாடியக் கழட்டி சட்டைப் பையில வச்சாரு, பேண்ட்ட முழங்காலுக்குச் சுருட்டுனாரு, கயித்தப் பிடிச்சாரு.

"சாரு, நீங்க எதுக்கு?"

"பாடத்துல இந்த எடம் இல்லடே," அப்படின்னாரு, எறங்கிட்டாரு. காலு வழுக்கி பாதியில தொங்கி 'ஐயோ'ன்னு கத்துனாரு, அதுக்கு எழுத்து வந்துதான்னு யாரும் பாக்கல.

பெறகு கமிட்டித் தலைவன் ஒரு மண்வெட்டியோட எறங்குனான், மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு. மேல நின்னவங்க கூடைய எறக்குனாங்க, மண்ண ஏத்துனாங்க, தங்கபுஷ்பம் கருவாட்டுக் கூடையக் கொட்டி அதையும் குடுத்தா. பந்தல் நெழலு கெழக்கால நீண்டுக்கிட்டே போச்சு. ஒருத்தி கொம்பையா வீட்டு வாசலுக்கும் கிணத்துக்குமா ஓடி ஓடி வந்து, "இன்னும் தூங்குதா, இன்னும் தூங்குதா"ன்னு சொல்லிட்டுப் போனா. அதக் கேக்கும்போதெல்லாம் கொம்பையா கடப்பாரைய இன்னும் வேகமா ஓங்குனான், இன்னும் பயத்தோட ஓங்குனான்.

நாலர மணி வாக்குல அவன் நிறுத்துனான். குனிஞ்சு ஒரு கைப்பிடி மண்ண அள்ளி கன்னத்துல வச்சான். குளுந்து இருந்துது. அது மண்ணோட ஈரமா, கையோட வேர்வையான்னு அவனுக்குத் தெரியல. சாரு பக்கத்துல வந்து, கேக்காம, தானும் ஒரு பிடி அள்ளி தன் கன்னத்துல வச்சுக்கிட்டு, மூச்ச அடக்கி நின்னாரு.

மேலேருந்து ஓடி வந்தவ குரலு கேட்டுது.

"பெரண்டு படுத்துட்டா!"

கொம்பையா கைய ஒதறிட்டு கடப்பாரைய ஓங்குனான்.